ஒரே ஒரு சிவப்புக் குச்சியில் ஒரு கூடத்தின் நிழல்

ரோம் நகரின் கபிடோலின் அருங்காட்சியகத்துக்குள், சிலைகளுக்கு நடுவே அமர்ந்து ஓர் ஓவியர் வரைந்துகொண்டிருக்கிறார். பிரெஞ்சு ஓவியர் ஹூபேர் ரோபேர் 1763 வாக்கில் சிவப்புக் குச்சியால் வரைந்த காட்சி இது. இன்று பிரான்சின் வாலன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வண்ணம் என்று பார்த்தால் சிவப்பு ஒன்றுதான். ஆனாலும் வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே மங்குகிறது என்பதில் கண்ணுக்குக் குழப்பமே வருவதில்லை.

அந்தக் குச்சி, மண்ணிலிருந்து வெட்டி அறுத்தெடுத்த காவிக்கல். ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் அதில் இயற்கையாகவே கலந்திருக்கின்றன. நீல, பச்சை ஒளியை இரும்பு ஆக்சைடு உறிஞ்சிக்கொள்ள, சிவப்பு மட்டும் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. களிமண் துகள்கள் நுண்ணிய தகடுகள்; அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் கல் தாளைக் கிழிக்காமல் மென்மையாகத் தேய்கிறது.

நிழலில் பாதி வேலை தாளுடையது என்பேன். அக்காலத் தாள், கந்தல் துணியைக் கூழாக்கி, கம்பி வரிசைகள் கொண்ட சல்லடையில் அள்ளி எடுத்தது. கம்பித் தடங்களும் பின்னிக் கிடக்கும் இழைகளும் சேர்ந்து தாளை மேடும் பள்ளமுமாக்கிவிடும். குச்சியை லேசாக இழுத்தால் மேடுகள் மட்டும் சிவக்கும்; பள்ளங்கள் வெளுப்பாகவே நிற்கும். எட்ட நின்றால் இரண்டும் கலந்து இளஞ்சிவப்பாகத் தெரியும். அழுத்தினால் பள்ளமும் நிரம்பி இருள் கூடும். நுனியை நனைத்து வரைந்தால் துகள்கள் நெருங்கிப் படிந்து கோடு இன்னும் கருக்கும்.

இதில் பசை எதுவும் இல்லை. துகள்கள் இழை இடுக்குகளில் சிக்கியிருக்கின்றன. மிக நுண்ணியவற்றை, மூலக்கூறுகளுக்கிடையே இருக்கும் மெல்லிய இழுவிசையான வாண்டர்வால்ஸ் ஈர்ப்பும் பிடித்துவைக்கிறது. அதனால் விரல் பட்டாலே கலையும். ரோபேர் இந்தக் குறையையே பயன்படுத்திக்கொண்டார். ஈரமாக்கிய வெற்றுத் தாளைப் படத்தின்மேல் வைத்து அச்சு எந்திரத்தில் அழுத்தினால், தளர்ந்த துகள்கள் மேல்தாளுக்கு ஏறி, இடம் வலம் மாறிய ஒரு பிரதி கிடைக்கும். மூலத்திலும் உதிரித் தூள் குறைந்து, கலையும் ஆபத்து தணியும். இரண்டையும் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. வலக்கைக்காரரின் நிழற்கோடுகள் பெரும்பாலும் கீழ் இடப்பக்கத்திலிருந்து மேல் வலப்பக்கத்துக்குச் சாயும். பிரதியில் அந்தச் சாய்வு தலைகீழாகும். பிரதியின் கோடுகள் வெளிறியும் தட்டையாகவும் இருக்கும். எனக்கு இந்தத் துப்பறிதல் மிகப் பிடித்தமானது.

இரும்பு ஆக்சைடு வெளிச்சத்தில் மங்காது, பழுப்பேறுவது தாள்தான். அதனால்தான் அருங்காட்சியகங்கள் இத்தகைய படங்களைச் சுமார் 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) என்ற மங்கலான ஒளியில் சில காலம் மட்டும் வைத்துவிட்டு உள்ளே எடுத்துவிடுகின்றன. படச்சட்டத்தில் கண்ணாடிக்குப் பதிலாக வரும் சாதாரண அக்ரிலிக் பலகையையும் தவிர்க்கிறார்கள். அதில் சேரும் நிலைமின்சாரம் தூளைத் தாளிலிருந்து இழுத்துவிடும்.