ரிப்போர்ட் வந்தாச்சு, சிகிச்சை ஏன் இன்னும் தொடங்கவில்லை?

மார்பகப் புற்றுநோய்தான் என்று உறுதியான அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: ஆபரேஷன் எப்போ? டாக்டரோ இன்னொரு ரிசல்ட் வர வேண்டும், அடுத்த வாரம் வாங்க என்கிறார். உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும்போது அடுத்த வாரமா என்று நெஞ்சு பதறும், கடனை உடனை வாங்கியாவது நாளைக்கே எடுத்துவிட மாட்டார்களா என்று தோன்றும். சிலர் அப்படி உடனே எடுத்துத் தரும் இடத்தைத் தேடிப் போயும் விடுகிறார்கள். தயவுசெய்து அந்த அவசரம் வேண்டாம். அந்தச் சில நாட்களில் லேபில் நடக்கும் வேலைதான், அடுத்து வரும் மாதங்களில் உங்களுக்கு எந்த மருந்து, எந்த வரிசையில் என்பதையே முடிவு செய்கிறது.

முதலில் அந்த வளர்ச்சி பற்றி. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி செல்கள் இருக்கும் என்பது பழைய கணக்கு. ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படி முப்பது தடவை இரட்டித்தால்தான் அந்த எண்ணிக்கை வரும். மார்பகப் புற்றுநோயில் ஒருமுறை இரட்டிக்கவே பெரும்பாலும் பல வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். அதாவது கையில் தட்டுப்படும் கட்டி பல வருடங்களாக உள்ளே இருந்திருக்கிறது. சரியான பரிசோதனைக்காக இரண்டு வாரம் போவதால் நிலைமை தலைகீழாகிவிடாது. அதற்காக, ஆடி முடியட்டும், பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும், ஊரில் ஒருத்தர் கொடுக்கும் சூரணத்தை மூன்று மாசம் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதும் இதுவும் ஒன்றல்ல. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் சில சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. காத்திருப்பது பரிசோதனைக்காக மட்டும்தான் இருக்க வேண்டும்.

சரி, லேபில் என்ன நடக்கிறது? பயாப்ஸி ஊசி எடுத்துவரும் சதை, தீக்குச்சி பருமனில் சில துண்டுகள்தான். (ஊசி பட்டால் பரவிவிடும் என்று பயந்து பயாப்ஸியே வேண்டாம் என்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். முறையாக எடுக்கும் ஊசி பயாப்ஸியால் நோய் முற்றிவிடுவதில்லை, அது இல்லாமல் சிகிச்சையைத் திட்டமிடவும் முடியாது.) துண்டுகளை எடுத்த கையோடு, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும். அதில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும். குறைந்தாலோ கூடினாலோ பின்னால் செய்யும் சோதனை தப்பான விடை தரலாம். அப்புறம் நீரை நீக்கி, உருகிய மெழுகில் பதித்து, நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பதாகப் பிரித்தால் வரும் தடிமன் அது. அதன் மேல் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் புற்றுநோய் என்ற முதல் ரிப்போர்ட் வருகிறது. கேன்சரா இல்லையா என்ற கேள்வி அதோடு முடிந்தது. எந்த மாதிரிக் கேன்சர் என்பது இன்னும் தெரியாது.

அதற்குத்தான் ஐ.எச்.சி. என்ற இரண்டாவது சோதனை. ஒரு குறிப்பிட்ட புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை அந்தச் சீவலின் மேல் விட்டு, ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும்படி செய்வார்கள். மார்பகப் புற்றுநோயில் மூன்று புரதங்களைக் கட்டாயம் பார்ப்பார்கள்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2.

ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள். நூறு புற்றுநோய் செல்களில் ஒன்றின் உட்கரு பழுப்பானாலே ஈ.ஆர். பாசிட்டிவ் என்று எழுதுவார்கள் (பத்து வரைக்கும் குறைந்த பாசிட்டிவ் என்று தனியாகக் குறிப்பிடுவதும் உண்டு). இப்படிப்பட்ட கட்டி வளர்வதற்கு ஈஸ்ட்ரோஜெனை நம்பியிருக்கிறது. ஹார்மோன் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத 1896-ல், கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்ஸன் என்ற மருத்துவர் முற்றிய மார்பகப் புற்றுநோய் இருந்த பெண்ணுக்குச் சினைப்பையை அகற்றியபோது கட்டி சுருங்கியதைப் பதிவு செய்தார். இன்று அதே வேலையின் பெரும்பகுதியை ஒரு மாத்திரை செய்கிறது. டமாக்ஸிஃபென் அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்வதால் ஈஸ்ட்ரோஜெனுக்கு இடமில்லை. 1960-களில் கருத்தடை மருந்து தேடிய பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் உருவாக்கிய பொருள் அது. ஈ.ஆர். பாசிட்டிவ் உள்ளவர்கள் ஐந்து வருடம் எடுத்துக்கொண்டால், 15 ஆண்டுக் கணக்கில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விலையும் கட்டுப்படியாகக்கூடியது. ஈ.ஆர். நெகட்டிவ் என்றால் அதே மாத்திரையால் பலனில்லை. ஒரு வார ரிசல்ட்டுக்காக ஏன் காத்திருக்கிறோம் என்பது இந்த ஓர் இடத்திலேயே விளங்கிவிடும்.

ஹெர்-2 வேறு கதை. செல்லின் மேற்பரப்பில் இருந்து வளரச் சொல்லும் புரதம் அது. சில கட்டிகளில் அதற்கான மரபணு பல பிரதிகளாகப் பெருகி, செல்லின் மேற்பரப்பு முழுக்க ஹெர்-2 நிரம்பிக் கிடக்கும். ரிப்போர்ட்டில் 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ், 2+ என்றால் தீர்மானிக்க முடியவில்லை என்று பொருள். அப்போது ஃபிஷ் என்ற மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்கள், இன்னும் சில நாள் கூடும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் அதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு காலத்தில் ஹெர்-2 பாசிட்டிவ் என்றாலே மிக மோசமான செய்தி. ஹெர்-2-வையே குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு அந்தக் கணக்கே மாறிப்போனது, இப்போது இந்தியாவிலேயே அதன் பயோசிமிலர்கள் (அதற்கு இணையாக வேறு நிறுவனங்கள் செய்யும் மருந்துகள்) தயாராகின்றன. இதயத் தசையைப் பாதிக்க வாய்ப்புள்ள மருந்து என்பதால் முன்கூட்டியே எக்கோ எடுப்பார்கள், நடுவிலும் எடுப்பார்கள். எனக்கு மார்பில்தானே கட்டி, இதயத்துக்கு எதற்கு ஸ்கேன் என்று குழம்ப வேண்டாம்.

மூன்றும் நெகட்டிவ் என்றால் டிரிபிள் நெகட்டிவ். நம் நாட்டில் மேற்கு நாடுகளைவிட இதன் விகிதம் அதிகம். இளம் வயதினரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இவர்களுக்கு பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை (இந்த நோயின் அபாயத்தைக் கூட்டும், பரம்பரையாக வரக்கூடிய மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது) பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும், அக்கா தங்கைகளுக்கும் மகள்களுக்கும் சேர்த்துப் பயன்படும் தகவல் அது. டிரிபிள் நெகட்டிவ் என்று கூகுளில் தேடிவிட்டு ராத்திரி முழுக்க அழுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கீமோவுக்கு இந்த வகை பெரும்பாலும் நன்றாகவே பணிகிறது, சிலருக்கு ஆபரேஷன் நேரத்தில் தேடிப்பார்த்தால்கூடப் புற்றுநோய் செல் கிடைப்பதில்லை.

ரிப்போர்ட்டில் கிரேடு 3 என்று பார்த்ததும் மூன்றாம் ஸ்டேஜ் என்று நினைத்து இடிந்துபோகிறவர்கள் நிறைய. இரண்டும் வேறு. செல்கள் எவ்வளவு உருமாறி இருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று மூன்று அம்சங்களுக்கு ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள், எட்டோ ஒன்பதோ வந்தால் கிரேடு 3. ஸ்டேஜ் என்பது கட்டியின் அளவும் அது எங்கே வரை போயிருக்கிறது என்பதும். கிரேடு 3 கட்டி முதல் ஸ்டேஜில் இருக்கலாம்.

இந்த விவரங்கள் கைக்கு வந்த பிறகு டாக்டர், கீமோ முதலில், ஆபரேஷன் அப்புறம் என்று சொல்லக்கூடும். ஹெர்-2 பாசிட்டிவ், டிரிபிள் நெகட்டிவ் கட்டிகள் ஓரளவு பெரிதாக இருந்தால் இதுதான் இப்போதைய வழக்கம். ஆபரேஷன் செய்ய முடியாத அளவுக்கு முற்றிவிட்டதோ என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டி உள்ளே இருக்கும்போதே மருந்தைக் கொடுத்தால் அது வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். கட்டி சுருங்குவதால் மார்பகத்தைக் காப்பாற்றவும் வழி கிடைக்கலாம். அதற்கு முன் கட்டிக்குள் எள் அளவுக்கு ஒரு டைட்டானியம் கிளிப்பை ஊசி வழியாக வைப்பார்கள். கீமோவில் கட்டி முழுதும் கரைந்துவிட்டால், எந்த இடத்தை வெட்டி எடுப்பது என்று அறுவை சிகிச்சை நிபுணருக்குக் காட்டப்போவது அந்தக் கிளிப்தான்.

முழு மார்பகத்தையும் எடுத்தால்தான் பத்திரம் என்பது பரவலான நம்பிக்கை. பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் இருபதாண்டு முடிவு 2002-ல் வந்தது: கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் முழுதும் எடுத்தவர்களும் ஒரே அளவுதான் உயிர் பிழைத்தார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது என்றாலும், எனக்குப் பொருந்துமா என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு.

இந்த நாட்களில் செய்யவேண்டிய வேலைகளும் இருக்கின்றன. இனிமேல் குழந்தை வேண்டும் என்பவர்கள் அதைக் கீமோ தொடங்குமுன்பே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், கருமுட்டை சேமிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் போதும், தொடங்கிய பிறகு சொன்னால் நேரம் கடந்துவிடும். சொத்தைப் பல் இருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கான கார்டும் காகிதமும் தயாராகட்டும். டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள், அதிர்ச்சியில் இருக்கும் மனசில் பாதி விஷயம் பதியாது, கூட வருபவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். வேறு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் அந்த மெழுகு பிளாக்கும் ஸ்லைடுகளும் லேபில்தான் இருக்கும், எழுதிக் கேட்டு வாங்கிப் போகலாம்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோ மருந்துகள் பலவும் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை, தலைமுடி வேரும் எலும்பு மஜ்ஜையும் அந்த வகை என்பதால்தான் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டுகிறது, ஒவ்வொரு கீமோவுக்கும் பிறகு ஒன்று இரண்டு வாரத்தில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. அந்த நாட்களில் 100.4 டிகிரி காட்டினால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடக் கூடாது. நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.