எண் அழிந்த பெயாரிங்கை மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

யாழ்ப்பாணத்தில் உரும்பிராயிலோ கோப்பாயிலோ வெங்காயத்துக்கு இறைக்கும் நேரத்தில் பம்ப் மோட்டர் ஊளையிடத் தொடங்கினால், பெரும்பாலும் உள்ளே பெயாரிங் தேய்ந்திருக்கும். கழற்றினால் அதில் பொறித்த எண் துருவில் அழிந்திருக்கலாம். பாகத்தைக் கடையில் காட்டி "இதே மாதிரி ஒன்று" என்று கேட்பது ஒரு வழி. உதிரிப்பாகப் பட்டியல் மென்பொருளில் தேடுவது இன்னொரு வழி. அதற்குப் பெயர் தேவையில்லை, மூன்று அளவுகள் போதும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு.

வேணியர் இடுக்குமானி 25, 52, 15 மில்லிமீற்றர் என்று காட்டினால் அது 6205. அந்த எண்ணுக்குள்ளேயே அளவு இருக்கிறது. 6 என்பது ஆழமான தவாளிப்பில் ஒற்றை வரிசைக் குண்டுகள் ஓடும் வகை. 2 என்பது பருமன் தொடர், அதாவது அதே உள்விட்டத்துக்கு வெளிப்பக்கம் எவ்வளவு பெரியது என்பது. கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25. இந்தக் கணக்கு 04 முதல் 96 வரை சரி. 00, 01, 02, 03 மட்டும் முறையே 10, 12, 15, 17. 6305-க்கும் உள்விட்டம் 25தான், ஆனால் வெளிவிட்டம் 62. தண்டில் ஏறும், பெயாரிங் உட்காரும் கூட்டுக்குள் இறங்காது.

மென்பொருளுக்குள் ஒவ்வொரு பாகமும் ஒரு வரி, ஒவ்வொரு அளவும் ஒரு நிரல், அதாவது அட்டவணையில் மேலிருந்து கீழாக ஓடும் பத்தி. நிரலின் எண்களை ஏறுவரிசையில் அடுக்கிய சுட்டி, அதாவது தேடலுக்கான துணைப்பட்டியல் ஒன்றும் இருக்கும். தேடும்போது நடுவில் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, மிச்சத்தின் நடுவில் மறுபடி பார்க்கும். பத்து இலட்சம் பாகங்கள் இருந்தாலும் ஏறக்குறைய 20 தடவையில் இடத்தைப் பிடித்துவிடும்.

துருப்பிடித்த பாகத்தின் உள்விட்டம் 24.9 என்று காட்டலாம். அதையே அடித்தால் திரை வெறுமையாக வரும். பாகமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 24.8 முதல் 25.2 வரை என்று எல்லை கொடுங்கள். அதைவிட அகலமாக்கினால் 25.4, அதாவது ஓர் அங்குல உள்விட்டம் கொண்டவையும் உள்ளே வந்துவிடும்.

சரி, பட்டியல் வந்துவிட்டது. எதை எடுப்பது? ஐஎஸ்ஓ 15 என்ற சர்வதேசத் தரத்தின்படி யார் செய்த 6205-உம் வெளியளவில் ஒன்றுதான். வித்தியாசம் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளான பின்னொட்டில். இருபக்க இறப்பர் மூடியை என்எஸ்கே நிறுவனம் "டிடியூ" என்கிறது, என்டிஎன் நிறுவனம் "எல்எல்யூ" என்கிறது. நல்ல மென்பொருள் இரண்டையும் ஒரே பண்பாக மாற்றிச் சேமிப்பதால்தான் ஒப்பிட முடிகிறது. நம் செம்மண் புழுதிக்கு இந்த மூடிதான் தோது. தகரமூடி உள்வளையத்தைத் தொடாது, நுண்தூசி இடைவெளியால் நுழைந்துவிடும். பின்னொட்டில் சி3 என்று இருந்தால் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் இடையிலான உள்ளிடைவெளி வழக்கத்தைவிடக் கூட. சூடாகி விரியும் மோட்டருக்குப் பொருத்தம்.

என் பார்வையில் எல்லோரும் தாண்டிப் போகும் நிரல் இயங்குசுமைத் திறன், அதாவது சுழலும்போது பெயாரிங் சுமை தாங்கும் திறனைக் காட்டும் எண். குண்டுப் பெயாரிங்கின் ஆயுள், இந்தத் திறனைச் சுமையால் வகுத்து வரும் எண்ணை மூன்று தடவை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் அளவோடு கூடும். திறன் 10 சதவீதம் உயர்ந்தால் கணக்குப்படி ஆயுள் 33 சதவீதம் கூடும். சுமை பாதியானால் எட்டு மடங்கு. பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் இதே கணக்கு எதிர்ப்பக்கம் ஓடும்.

போல்ட்டுகளையும் இப்படியே தேடலாம். அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: எம்10 (10 மில்லிமீற்றர் புரி) போல்ட்டில் டிஐஎன் 933 என்ற ஜேர்மன் தரமும் ஐஎஸ்ஓ 4017 என்ற சர்வதேசத் தரமும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் காட்டப்படும். புரி ஒன்றுதான். தலைக்கு மட்டும் முதலாவதற்கு 17 ஸ்பனர், இரண்டாவதற்கு 16.