ஹிபா: தானமா, கொடையா?

ஹிபா அரபுச் சொல். இஸ்லாமியச் சட்டப்படி உயிரோடிருக்கும்போதே, கைம்மாறு வாங்காமல், தன் சொத்தை இன்னொருவருக்கு உடனடியாக உரிமையாக்குவது. அப்துல் வஹாப் என்ற பெயரில் உள்ள 'வஹ்ஹாப்' (வாரி வழங்குபவன்) இதே வேரில் பிறந்தது.

மதுரைப் பக்கம் பத்திரத்தில் இதைத் 'தான செட்டில்மெண்ட்' என்று எழுதிவிடுவார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. தானப் பத்திரத்துக்கு உயிர் பதிவு; ஹிபாவுக்கு உயிர் ஒப்படைப்பு.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-வது பிரிவுப்படி, அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்க இரண்டு சாட்சிகளோடு பதிவான ஆவணம் வேண்டும். 129-வது பிரிவோ இஸ்லாமியச் சட்ட விதிகளை இதிலிருந்து விலக்கிவிட்டது. வெள்ளைக்காரன் வைத்த அந்த விலக்கு இன்றும் நடப்பில் இருக்கிறது. எழுதிக் கொடுத்த ஹிபாவுக்கும் பதிவு கட்டாயமில்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முஸ்லிம்களுக்கு இஸ்லாமியச் சட்டமே செல்லும் என்ற 1937 ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது; சென்னை மாகாணம் 1949-ல் அதையும் சேர்த்ததால் மேலூர் வயலுக்கும் இதே கணக்குதான்.

தேவை மூன்று: கொடுப்பவர் சொல்வது (ஈஜாப்), பெறுபவர் ஏற்பது (கபூல்), சொத்தைச் சுவாதீனம் கொடுப்பது (அனுபவிக்கும்படி ஒப்படைப்பது). மூன்றாவதில்தான் பெரும்பாலான ஹிபா உடைகிறது. காஜிமார் தெருவில் (தெருப் பெயரே நீதிபதிகளைச் சொல்வது) வாடகைக்கு விட்ட வீட்டை ஒருவர் மகளுக்கு ஹிபா செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பவரிடம் "இனி வாடகையை மகளிடம் கொடுங்கள்" என்று சொல்லி, மூலப்பத்திரத்தை மகள் கையில் தந்து, சொத்து வரியையும் மின் இணைப்பையும் அவள் பெயருக்கு மாற்றிவிட்டால் முடிந்தது. அப்பாவே வாடகை வாங்கிக்கொண்டிருந்தால்? பதிவான பத்திரம் இருந்தாலும் பின்னால் அண்ணன் தம்பிகள் போடும் வழக்கில் ஹிபா நிற்காது. கணவன் மனைவிக்குக் கொடுத்தாலோ, கொடுப்பவரும் பெறுபவரும் அதே வீட்டில் வசித்தாலோ காலி செய்ய வேண்டியதில்லை. உரிமை மாறியது செயலில் தெரிந்தால் போதும்.

மரண நோயில் கொடுத்தால் கடன் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் செல்லும். பெறுபவர் வாரிசு என்றால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும்.

வாய்மொழி ஹிபா சட்டப்படி செல்லும், ஆனால் வில்லங்கச் சான்றில் ஏறாது. பட்டா மாற்றத்துக்கும் வங்கிக் கடனுக்கும் அலைய வேண்டிவரும். பதிவு செய்துவிடுவதே நல்லது. சுவாதீனம் கொடுத்த தேதியையும் விதத்தையும் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? தானத்தில் புண்ணியம் ஒட்டியிருக்கிறது. அதற்கு அரபியில் சதகா என்று வேறு சொல் உண்டு. நன்கொடை என்றால் ரசீது புத்தகம் நினைவுக்கு வரும். இனாமும் அரபிதான், அதோடு இனாம் நிலம் தனி விவகாரம். கொடை சரியான சொல். பத்திரத்தில் 'ஒப்படைப்புக் கொடை (ஹிபா)' என்று எழுதலாம். 'கைமாற்றுக் கொடை' மட்டும் வேண்டாம். மதுரையில் கைமாற்று என்றால் கடன்.