குறையைச் சொல்லும்போது கேட்பவரின் கவனம் எங்கே போகிறது?

ஓர் ஊழியரின் வேலையில் குறை இருப்பது மேலாளருக்குத் தெரியும். அதை எடுத்துச் சொல்வது தம் பொறுப்பு என்பதும் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு இந்த வாரத்திலிருந்து அடுத்த வாரத்துக்கும், அங்கிருந்து ஆண்டிறுதி அப்ரைசலுக்கும் தள்ளிப்போகிறது. இதைத் தனிமனிதக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர்கள் சிட்னி ரோசனும் ஆபிரகாம் டெசரும் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்கு வந்த தொலைபேசிச் செய்தியை அவரிடம் சேர்க்கும் பொறுப்பை மாணவர்களிடம் விட்டுப் பார்த்தார்கள். வீட்டில் நல்ல சேதி என்றால் மாணவர்கள் அதை முழுதாகச் சொன்னார்கள். கெட்ட சேதி என்றால் 'வீட்டுக்குப் பேசச் சொன்னார்கள்' என்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கெட்ட சேதிக்கு அவர்கள் எவ்விதத்திலும் காரணமல்லர், கேட்பவரும் அவர்களுக்கு முன்பின் தெரியாதவர். இருந்தும் வாய் அடைத்துக்கொண்டது. தினமும் முகம் பார்த்து வேலை செய்யும் ஒருவரிடம், அவரைப் பற்றியே சொல்ல வேண்டிய குறை என்றால் தயக்கம் எத்தனை மடங்காகும் என்று சொல்லத் தேவையில்லை.

தயங்கித் தயங்கிச் சொல்லும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. நம் மனத்தில் இருப்பது எதிரில் இருப்பவருக்கு வெளிப்படையாகத் தெரிந்துவிடும் என்று நாம் மிகைப்படுத்தி நம்புகிறோம். தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 1998-இல் சோதனைகள் மூலம் காட்டிய இந்த மயக்கம், பிற்காலத்தில் அலுவலக மதிப்பீடுகளிலும் உறுதிப்பட்டது: தாம் கடுமையாகவே சொல்லிவிட்டதாக மேலாளர் நினைத்துக்கொண்டிருக்க, ஊழியரோ 'பெரிய குறை ஒன்றும் இல்லை' என்ற எண்ணத்தோடு அறையை விட்டு வெளியே வருகிறார். மூன்று மாதம் கழித்து 'நான் அப்போதே சொன்னேனே' என்று ஒருவரும், 'யாரும் எதுவும் சொல்லவில்லையே' என்று மற்றவரும் சாதிக்கும்போது, பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை.

அப்படியானால் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டால் போதுமா என்றால், அதற்கும் விடை நேராக இல்லை. பின்னூட்டம், அதாவது வேலை எப்படி இருந்தது என்று செய்தவரிடமே எடுத்துச் சொல்வது, எப்போதும் பயன் தரும் என்றே நிர்வாகவியல் நெடுங்காலம் கருதிவந்தது. ஆவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி, 23,663 அவதானிப்புகளை உள்ளடக்கிய 607 அளவீடுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்து, 1996-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் செயல்திறனை உயர்த்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. இன்னும் வியப்பான செய்தி, பாராட்டு நல்லது, குறை கெட்டது என்ற எளிய பிரிவினை இங்கே பொருந்தவில்லை என்பதாகும். பாராட்டுங்கூடப் பல இடங்களில் பின்னூட்டத்தின் பயனை மங்கச் செய்திருந்தது.

இதற்கு அவர்கள் தந்த விளக்கம்தான் இந்தக் கட்டுரைக்கு அச்சாணி. மனிதரின் கவனத்துக்கு அளவு உண்டு. ஒரு சொல் நம்மை வந்தடையும்போது அந்தக் கவனம் கையிலிருக்கும் வேலையின் மீது போகலாம், அல்லது 'நான் எப்படிப்பட்டவன், என்னைப் பற்றி இவர் என்ன நினைக்கிறார்' என்ற திசைக்குத் திரும்பலாம். வேலையின் மீது போனால் திருத்தம் நடக்கிறது. தன்னைப் பற்றிய கேள்விக்குத் திரும்பிவிட்டால், வேலைக்குச் செலவாக வேண்டிய கவனம் தற்காப்புக்குச் செலவாகிவிடுகிறது. பாராட்டு தடுமாறச் செய்வதும் இதனால்தான், ஏனெனில் 'நீங்கள் மிகவும் திறமைசாலி' என்பதும் ஆளைப் பற்றிய தீர்ப்பே. சுயமதிப்பைச் சீண்டிய பின்னூட்டங்கள் ஏறத்தாழப் பயனற்றுப் போயிருந்தன. முந்தைய தடவையைவிட இப்போது எவ்வளவு மாறியிருக்கிறது என்று காட்டியவை நன்றாகவே வேலை செய்திருந்தன.

கவனம் தன்னை நோக்கித் திரும்பும்போது உடலும் சேர்ந்து திரும்புகிறது. சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமெனியும் 208 ஆய்வகச் சோதனைகளைத் தொகுத்து 2004-இல் காட்டியதன்படி, கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் மிக அதிகமாக உயர்வது இரண்டு நிலைமைகள் கூடும்போதுதான்: பிறர் நம்மை எடைபோடுகிறார்கள், நடப்பதை மாற்ற நம்மால் முடியாது. மேலாளரின் கண்ணாடி அறைக்குத் திடீரென்று அழைக்கப்பட்டு, தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்று உணரும் ஊழியருக்கு இவ்விரண்டும் ஒருசேர வாய்க்கின்றன. கடும் அழுத்தத்தில் மூளையின் முன்நெற்றிப் பகுதி, அதாவது காரணகாரியம் பார்த்து நிதானமாக யோசிக்கும் பகுதி, தன் பிடியைத் தளர்த்துகிறது என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டு ஆய்வுகளால் விளக்கியிருக்கிறார். மேலும் கார்டிசால் உடனே உச்சத்தைத் தொடுவதில்லை. அழுத்தம் தொடங்கி இருபது முப்பது நிமிடம் கழித்தே இரத்தத்தில் உச்சத்தை அடைந்து, பிறகு மெல்ல இறங்குகிறது. ஆகவே, பேச்சின் இறுதியில் 'இனி என்ன செய்வதாக உத்தேசம்?' என்று கேட்டு அங்கேயே ஒரு திட்டத்தை வாங்கிக்கொள்ளும் வழக்கம், யோசிக்கும் திறன் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்தில் மிகக் கடினமான யோசனையைக் கேட்பதாகும். அப்போது கிடைக்கும் தலையாட்டலை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேலாளர் பக்கத்திலும் ஒரு சாய்வு உண்டு. லீ ராஸ் 1977-இல் பெயரிட்ட அடிப்படைக் காரணங்காட்டல் பிழையின்படி, பிறர் செய்கைக்கு அவர்களுடைய குணத்தையே நாம் முதலில் காரணமாக்குகிறோம், சூழ்நிலையை மறந்துவிடுகிறோம். ஒருவருடைய மாதாந்திர அறிக்கை மூன்று முறை தாமதமாக வந்தால் 'பொறுப்பில்லாதவர்' என்ற சொல் மனத்தில் தானாக எழுகிறது. அவருக்குத் தரவு அனுப்ப வேண்டிய பிரிவு தாமதித்ததா என்ற கேள்வி எழுவதில்லை. 'உங்களுக்குப் பொறுப்பில்லை' என்பது கேட்பவரின் கவனத்தை நேராக அவர் மீதே கொண்டுபோய் நிறுத்தும். 'ஏப்ரல், மே, ஜூன் அறிக்கைகள் ஐந்தாம் தேதிக்குப் பிறகு வந்தன, அதனால் கணக்குப் பிரிவு இரவில் உட்கார வேண்டியிருந்தது, எங்கே தடைப்படுகிறது?' என்பது வேலையின் மீது நிறுத்தும். இரண்டாவது வாக்கியம் மென்மையானதன்று. உண்மையில் அதில் மறுக்க முடியாத விவரம் கூடுதல். கடைசிக் கேள்வியை உண்மையாகவே கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், நடப்பதை மாற்ற முடியும் என்ற பிடிமானமும் ஊழியருக்குத் திரும்பக் கிடைக்கிறது.

குறையை இரண்டு பாராட்டுகளுக்கு நடுவே பொதிந்து கொடுக்கும் முறை பல பயிற்சி வகுப்புகளில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. இது கேட்பவருக்காகச் செய்யப்படுவதாகவே சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஏஞ்சலா லெக்கும் கேட் ஸ்வீனியும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவர்களில் பெரும்பாலோர் கெட்ட செய்தியை முதலில் கேட்கவே விரும்பினார்கள். நல்லதில் தொடங்க நாட்டம் காட்டியவர்கள் சொல்ல வேண்டியவர்களே. அந்தப் பொதிவு யாருடைய பதற்றத்தைத் தணிக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

இவற்றில் பலவும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு அறுபதுகளிலேயே தெரிந்திருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மதிப்பீட்டு முறையை ஆராய்ந்த ஹெர்பர்ட் மேயரும் அவருடைய சகாக்களும் 1965-இல் எழுதிய கட்டுரையில், ஆய்வுக்குட்பட்ட 92 ஊழியர்களுள் தம் பணி சராசரிக்கும் கீழானது என்று கருதியவர்கள் 2 பேர் மட்டுமே என்று குறிப்பிட்டார்கள். எனவே உள்ளதை உள்ளபடி சொல்லும் மதிப்பீடு, ஏறத்தாழ எல்லோருக்கும் ஏமாற்றமாகவே முடியும். அதிகம் குறைகூறப்பட்டவர்கள் பின்னர் அதே துறைகளில் குறைவாகவே முன்னேறினார்கள். பாராட்டால் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. அவர்கள் முன்வைத்த பரிந்துரை, சம்பள உயர்வைப் பற்றிய பேச்சையும் வேலையைத் திருத்தும் பேச்சையும் தனித்தனி நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது. சம்பளம் முடிவாகும் அறையில் தவறை ஒப்புக்கொள்ளுமளவு அப்பாவி எவரும் இல்லை என்பதால் இது நியாயமாகவே படுகிறது. அறுபது ஆண்டு கழிந்தும் பெரும்பாலான அலுவலகங்கள் இரண்டையும் ஒரே மணி நேரத்துக்குள் முடித்துவிடுகின்றன.

திருத்துவதற்கு எதுவுமில்லாத, முடிவை மட்டும் அறிவிக்க வேண்டிய பேச்சுகளும் உண்டு. ஜெரால்டு கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வு அத்தகையது. ஒப்பந்தங்களை இழந்த ஓர் அமெரிக்க நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் 10 வாரங்களுக்கு 15 விழுக்காடு ஊதியம் வெட்டப்பட்டது. ஓர் ஆலையில் நிறுவனத் தலைவரே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கு விடையளித்தார். மற்றதில் கால் மணி நேரத்தில் அறிவிப்பு முடிந்தது. இரண்டிலும் ஊழியர்கள் செய்த பொருள் திருட்டு கூடியது, ஆனால் காரணம் விளக்கப்பட்ட ஆலையில் அது கணிசமாகக் குறைவாக இருந்தது. வெட்டப்பட்ட தொகை இரண்டிலும் ஒன்றுதான். ஊதியம் பழைய நிலைக்கு வந்ததும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கியது.