புயலுக்குப் பங்கர் வெட்டலாமா?

2025 நவம்பரில் டித்வா அடித்துவிட்டுப் போனதிலிருந்து, வீட்டு வரைபடத்தோடு வருகிறவர்கள் சிலர் இதையும் கேட்கிறார்கள்: "வளவுக்குள்ள நிலத்துக்குக் கீழ ஒரு அறை கட்டினா என்ன? அமெரிக்காவில இருக்காமே." முல்லைத்தீவுப் பக்கம் கேள்வி இன்னும் சுருக்கம்: "பங்கர் மாதிரி ஒண்டு."

வேண்டாம் என்பதுதான் என் பதில்.

அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் அப்படி அறை கட்டுவது டொர்னாடோ என்கிற சுழல்காற்றுக்காக. ஓர் இடத்தை அது பெரும்பாலும் சில நிமிடங்களில் கடந்துவிடும். எங்கள் புயல் மணிக்கணக்காக நிற்கும், மழையையும் கூட்டிக்கொண்டு வரும். அதுவும் கிணறு நிரம்பி நிலம் ஊறிக் கிடக்கிற கார்த்திகை, மார்கழியில். 2008 நவம்பரில், போருக்கு நடுவில், நிஷா புயல் வந்தபோது வன்னியில் இருந்தவர்களுக்கு மழையில் பங்கர் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"அது மண் பங்கர், நாங்கள் கொங்கிறீற்றில் கட்டுவோம்" என்பார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். வெளிப்பக்கம் நீளம், அகலம், உயரம் மூன்றும் 2 மீற்றர். சுவர், தளம், மூடி எல்லாம் 15 சென்ரிமீற்றர் தடிப்பு. மொத்த எடை ஏறக்குறைய 7.4 தொன் வரும். நிலத்தடி நீர் மேல்மட்டம் வரை ஏறினால் அதை மேலே தள்ளும் விசை 8 தொன். அறை கிளம்பத்தான் பார்க்கும். சுற்றியுள்ள மண் கொஞ்சம் பிடிக்கும்தான், ஆனால் ஊறிய மணலை நம்பி நான் கையெழுத்து வைக்கமாட்டேன். தளத்தை அகட்டி, தடிப்பைக் கூட்டி எடை ஏற்றலாம், செலவும் ஏறும். அதற்குப் பிறகும் வெள்ளம் வாசல்படியால் இறங்கும். இறைக்க மோட்டார் இருந்தாலும் அந்த நேரம் கரண்ட் இருக்காது. புடையன் பாம்பும் ஒதுங்க அதே இடத்தைத்தான் தேடும்.

அந்தக் காசை வீட்டுக்குள்ளேயே ஓர் அறையில் போடுங்கள். குளியலறையோ சாமான் அறையோ, சின்னதாக இருந்தால் நல்லது. அத்திவாரத்தை ஊரில் கண்ட பெரிய வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். நாலு மூலையிலும் கம்பித் தூண், மேலே சுற்றிவர பீம், அதன்மேல் பிளாட், அதாவது தட்டையான கொங்கிறீற்றுக் கூரை. தூண் கம்பி அத்திவாரத்திலிருந்து பிளாட் வரை தொடர்ந்து போகவேண்டும். மேசன் இடையில் வெட்டிவிட்டு "பரவாயில்லை" என்றால் விடாதீர்கள். மற்ற அறைகளின் ஓடும் சீற்றும் பறந்தாலும் இந்த அறை நிற்கும். கதவு உள்ளே திறக்கட்டும், வெளியே வேம்பு முறிந்து விழுந்தாலும் அடைபட மாட்டீர்கள். காற்றோட்டத்துக்கு உயரத்தில் இரண்டு துவாரம். ஜெனரேற்றரை மட்டும் உள்ளே கொண்டுபோக வேண்டாம், புகையே ஆளைக் கொன்றுவிடும்.

காற்று திடீரென்று ஓய்ந்தால் உடனே வெளியே வராதீர்கள். புயலின் கண் கடக்கும்போதும் அப்படித்தான் அமைதியாகும், பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்.

குளக்கட்டுக்குக் கீழே, ஆற்றோரம், களப்புக் கரையில் வீடு என்றால் இந்த அறையையும் நம்ப வேண்டாம். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆட்களைக் கிளப்பியது காற்றில்லை, வெள்ளம். அறிவித்தல் வந்ததும் பகலோடு பகலாக மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.