மசாலா உள்ளே போவதில்லை, உப்பு போகும்

"நேத்து ராத்திரியே மசாலா பெரட்டி வச்சாச்சு, உள்ள வரைக்கும் நல்லாப் பிடிச்சிருக்கும்." மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அதைத் தாண்டிப் பாறசாலை என்று எந்த ஊர் மொட்டைமாடியில் கரி அடுப்பு மூட்டினாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பீஃபை உலர்த்தியும் (வேகவைத்து ஈரம் வற்றப் புரட்டியும்) வரட்டியும் தின்று பழகிய இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லைப் பகுதியில், கனத்த துண்டாக அப்படியே ஸ்டேக் சுடும் ஆசை இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் ஊறவைப்பதைப் பற்றிய நம்பிக்கை மட்டும் தவறு.

சோதித்துப் பார்ப்பது எளிது. ராத்திரி முழுக்க ஊறிய ஒரு துண்டை, சுடுவதற்கு முன் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மஞ்சள் நிறம் ஓரத்தில் சில மில்லிமீட்டரோடு நின்றிருக்கும். நடுப்பகுதி கடையில் வாங்கியபோது இருந்த அதே சிவப்பில் இருக்கும்.

காரணம் இறைச்சியின் அமைப்பில் இருக்கிறது. கொழுப்பில்லாத தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் நெருக்கமாக அடுக்கிய நார்களுக்குள் அடைபட்டிருக்கிறது. ஒவ்வொரு நாரையும், நார்க்கட்டையும் மெல்லிய சவ்வு சுற்றியிருக்கிறது. மஞ்சளின் நிறம், மிளகின் காரம், காந்தாரி மிளகாயின் எரிவு ஆகியவற்றைத் தரும் மூலக்கூறுகள் எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. தண்ணீர் நிறைந்த தசைக்குள் அவை நடந்துபோக வழியில்லை. பூண்டும் இஞ்சியும் பட்டையும் மேல்தோலிலேயே தங்கிவிடுகின்றன.

உப்பு அப்படியல்ல. அது தண்ணீரில் பட்டதும் சோடியம், குளோரைடு என்ற இரண்டு சிறு அயனிகளாகப் பிரிந்து தசைக்குள் பரவுகிறது. உப்புத் தடவிய துண்டைக் கவனித்தால் முதல் அரைமணி நேரத்தில் மேலே நீர் கோத்து நிற்கும். உப்பு உள்ளிருந்து தண்ணீரை வெளியே இழுப்பதால் வருவது அது. இந்தக் கட்டத்தில் அடுப்பில் வைத்தால் துண்டு வேகுமே தவிர சுடாது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அந்த நீரில் உப்பு கரைந்து, கரைசலாகத் திரும்ப உள்ளே இறங்கத் தொடங்கும். உள்ளே போன குளோரைடு அயனிகள் நார்களில் உள்ள புரத இழைகளை ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. இழைகளுக்கு இடையில் இடம் விரிகிறது, அங்கே தண்ணீர் தங்குகிறது. மையோசின் என்ற புரதத்தில் ஒரு பங்கு கரைந்தும் விடுகிறது. அப்படித் தளர்ந்த இறைச்சி தீயில் சுருங்கும்போது இழக்கும் சாறு குறைவு. உப்பு ருசி மட்டும் தருவதில்லை, பதத்தையே மாற்றுகிறது என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பரவல் தடிமனைப் பொறுத்தது. துண்டு இரண்டு மடங்கு தடிமனானால் உப்பு நடுவரை போக இரண்டு மடங்கு நேரம் போதாது, நான்கு மடங்கு வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் துண்டுக்கு ஒரு ராத்திரி தாராளம். கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் உப்பு, அதாவது தூளுப்பில் தோராயமாக இரண்டு டீஸ்பூன், முதல் நாளே தடவி, ஃபிரிட்ஜில் மூடாமல் வையுங்கள். மேற்பரப்பு உலரவும் அது உதவும். மசாலாவைச் சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவினாலும் ருசியில் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

எலுமிச்சை, தயிர், சுர்க்கா (வினிகர்) போன்ற புளிப்புகளிடம் கவனம் வேண்டும். அறுத்து ஒரு நாள் ஆன இறைச்சியின் பி.எச்., அதாவது புளிப்பு கூடக் கூடக் குறையும் அளவு, சுமார் 5.5. புரதங்கள் தண்ணீரை மிகக் குறைவாகப் பிடித்துவைக்கும் புள்ளி அதற்குச் சற்றுக் கீழே, 5-ஐ ஒட்டி இருக்கிறது. கொஞ்சம் புளிப்பு அந்தப் புள்ளியை நோக்கித்தான் தள்ளும். நிறையப் புளிப்பில் நீண்ட நேரம் கிடந்தால் மேற்பரப்பு வெளுத்து மாவுபோல் ஆகிவிடும். புளிப்பு வேண்டுமென்றால் சுட்ட பிறகு பிழிந்துகொள்வதே என் பரிந்துரை.

இனி பப்பாளி. நம் பக்கத்தில் முற்றிய போத்துக்கறியில் (எருமைக்கறியில்) பப்பாளிக்காய்த் துண்டு போடாத பாட்டிகள் குறைவு. அந்தக் கைப்பழக்கத்துக்குப் பின்னால் உறுதியான வேதியியல் இருக்கிறது. காயின் தோலைக் கீறினால் வடியும் பாலில் பப்பெய்ன் என்ற நொதி உண்டு. புரதச் சங்கிலிகளைத் துண்டுதுண்டாக வெட்டுவதே அதன் வேலை. தொழில்முறையில் அதைச் சேகரிக்கும் விதம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வாழ்பவர்களுக்கு உடனே புரியும். மரத்தில் நிற்கும் காயின் மேல் அதிகாலையில் மெல்லக் கீறல் போட்டு, வடியும் பாலைக் கீழே ஏந்திப் பிடிக்கிறார்கள். பால்வெட்டுதான், பட்டைக்குப் பதில் காயில். பழுக்கப் பழுக்க அந்தப் பால் வற்றிவிடுகிறது. அதனால்தான் காய்க்கு இருக்கும் வேகம் பழத்துக்கு இல்லை.

பலரும் கவனிக்காத ஒன்று, பப்பெய்ன் மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்வது 60 முதல் 70 டிகிரி செல்சியஸில். ஃபிரிட்ஜின் குளிரில் அது ஏறக்குறைய தூங்குகிறது. இறைச்சியைச் சுற்றிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் பச்சையாக இருக்கும்போது முறுக்கிய கயிறுபோல் இறுகிக் கிடப்பதால் நொதியால் அதை எளிதில் கடிக்க முடியாது. சூடு ஏறி அந்த முறுக்கு தளரும் வேளையில்தான் வெட்டு விழுகிறது. அப்படியானால் பப்பாளியின் பெரும்பகுதி வேலை கிண்ணத்தில் நடப்பதில்லை, அடுப்பில் நடக்கிறது. சூடு மேலும் ஏறும்போது நொதியும் செத்துவிடும்.

இதிலிருந்து இரண்டு முடிவு. ஒன்று, ராத்திரி முழுக்கப் பப்பாளியில் ஊறவைப்பதால் லாபம் இல்லை. நொதியும் பெரிய மூலக்கூறு, ஆழமாகப் போகாது. மேல் மில்லிமீட்டர்கள் குழைந்துபோக, நடு அப்படியே கடினமாக நிற்கும். தோலோடு அரைத்த பப்பாளிக்காய் கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், அரைமணி நேரம் போதும். இரண்டு, மெல்லிய துண்டுக்குத்தான் பப்பாளி, கனத்த ஸ்டேக்குக்கு அதன் பயன் குறைவு. இளம் ரப்பருக்கு இடையே ஊடுபயிராக விளையும் அன்னாசிக்கும் இதே கணக்கு. அதில் இருப்பது புரோமெலெய்ன் என்ற நொதி. டின்னில் அடைத்த அன்னாசி சூடாக்கப்பட்டது என்பதால் அதில் நொதி உயிரோடு இருக்காது.

உண்மையில் மென்மையின் பாதி கடையிலேயே முடிவாகிவிடுகிறது. மாடு வயதாக ஆக கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. அதிகம் உழைத்த காலும் கழுத்தும் அப்படிப்பட்டவை. அவற்றைக் குக்கரில் நெடுநேரம் விட்டால் கொலாஜன் ஜெலட்டினாகக் கரையும். உலர்த்தியதின் வழுவழுப்பு அதுதான். பத்து நிமிடத் தீயில் அது நடக்காது. ஸ்டேக்குக்கு முதுகெலும்பின் உள்பக்கம் உழைக்காமல் கிடக்கும் அண்டர்கட் வேண்டும். "அண்ணாச்சி, நறுக்காதீங்க, முழுசாவே தாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். காலையில் அறுத்ததை மதியமே சுடவும் கூடாது. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும். குளிரில் இரண்டு மூன்று நாள் இருந்தால் இறைச்சியின் சொந்த நொதிகளே அந்த விறைப்பைத் தளர்த்தும்.

தீக்கு நம் ஊரில் சிரட்டைக்கரியை (தேங்காய் ஓட்டுக் கரியை) மிஞ்ச ஒன்றுமில்லை. கார்பன் செறிந்தது, புகை குறைவு, கடும் வெப்பம். கரி முழுக்கச் சாம்பல் பூத்த பிறகே இறைச்சியை வைக்க வேண்டும். வைக்கும் முன் துண்டைத் துணியால் ஒற்றி ஈரம் எடுங்கள். மேலே தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, வருகிற வெப்பமெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகும். மொறுமொறுத்த பழுப்புத் தோலையும் அந்த மணத்தையும் தருவது அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேரும் வினை. லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் அதை விவரித்தார். சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் அது வேகம் பிடிக்கிறது. சூடு காட்டினால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்பதும் உண்மையில்லாத பேச்சு. கம்பியில் வைத்ததும் கேட்கும் சீறல், சாறு வெளியேறும் சத்தம். அடிக்கடி திருப்பலாம், சீராக வேகும்.

உள்ளே சுமார் 50 டிகிரியில் மையோசின் உறைகிறது. 60-ஐத் தாண்டினால் கொலாஜன் உறை சுருங்கி நாரைப் பிழிகிறது. 70-ஐ எட்டும்போது ஆக்டின் என்ற இன்னொரு தசைப் புரதமும் உறைந்து துண்டு ரப்பராகிறது. குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் ஊகமே வேண்டாம். நடுவில் 63 டிகிரி, பிறகு மூன்று நிமிடமாவது ஓய்வு. கிருமிகளுக்கும் நாடாப்புழுக் கட்டிகளுக்கும் எதிராக அது பாதுகாப்பான அளவு. வெளிநாட்டுப் படங்களில் காணும், உள்ளே வேகாமல் சிவந்திருக்கும் ஸ்டேக்கை நம் கடை இறைச்சியில் முயல வேண்டாம். ஊறிய மசாலா நீரைக் கொதிக்கவைக்காமல் மேலே ஊற்றவும் வேண்டாம். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் துண்டைத் தள்ளி வையுங்கள், அந்தப் புகையில் புற்றுநோயோடு தொடர்புடைய சேர்மங்கள் உண்டு. மசாலாவுக்கு இங்கே ஓர் உண்மையான நற்பணி இருக்கிறது. கடும் சூட்டில் இறைச்சியின் மேல் உருவாகும் அத்தகைய சில சேர்மங்களை அதிலுள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் குறைக்கின்றன.

தட்டில் வடியும் சிவப்பு நீர் ரத்தம் அல்ல, தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மையோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர். நார் ஓடும் திசையைப் பார்த்து அதற்குக் குறுக்கே அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டுங்கள். நீண்ட நார்களைப் பல் அறுக்க வேண்டிய வேலையைக் கத்தியே முடித்துவிடும். அப்படியும் கடிபடவில்லையா, மெல்ல நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வேகவைத்து, தேங்காய்க்கொத்தும் கறிவேப்பிலையும் சேர்த்து உலர்த்திவிடுங்கள். பத்து நிமிடத் தீ கரைக்காத கொலாஜனை ஒரு மணி நேர நீராவி கரைக்கும்.