பிரைவசி: அந்தரங்கமா, மந்தணமா, தனியுரிமையா?

வாட்ஸ்ஆப்பில் ‘லாஸ்ட் சீன்’ தெரியாமல் வைப்பதும் பிரைவசி, பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொள்வதும் பிரைவசி. ஊருணியைத் தூர்வார எவ்வளவு செலவானது என்று அலுவலகத்தில் கேட்டால், ‘அது ஒப்பந்தக்காரரின் பிரைவசி’ என்று பதில் வரவும் வாய்ப்பு உண்டு. முதல் இரண்டும் சரி. மூன்றாவது அந்தச் சொல்லில் அடங்கவே அடங்காது.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘பிரைவாட்டஸ்’ என்றால் அரசுப் பதவி ஏதும் இல்லாத ஆள். அதாவது பதவியில் இருப்பவருக்கு எதிர்ச்சொல்லாகப் பிறந்தது இது. சட்டச் சொல்லாக இது வலுப்பெற்றது 1890-இல். கைக்குள் அடங்கும் கேமராக்களும் வம்பு தேடும் பத்திரிகைகளும் பெருகியதைப் பார்த்து, சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தொந்தரவில்லாமல் தனியே விடப்படும் உரிமை ஒருவருக்கு உண்டு என்பது அவர்கள் வாதம்.

தமிழில் மூன்று சொற்கள் இதோடு உரசுகின்றன. ‘அந்தரங்கம்’ வடமொழியிலிருந்து வந்தது. உள்ளே இருப்பது என்று பொருள். பேச்சு வழக்கில் அதற்கு ஒரு கூச்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘என் அந்தரங்கம்’ என்றாலே எதிரில் இருப்பவர் வேறு எதையோ நினைக்கிறார். ‘மந்தணம்’ அரசுக் கோப்புகளின் மேல் எழுதுகிற சொல். அலுவலகம் வெளியே விடாமல் வைத்திருக்கும் தாளைக் குறிப்பது. மூன்றாவது ‘தனியுரிமை’. ஒருவருக்கு மட்டுமே உள்ள விற்பனை உரிமை என்ற பொருளிலும் சிலர் இதை எழுதுவது உண்டு. இருந்தாலும் பிரைவசிக்கு இதுவே பொருத்தம் என்பேன். உரிமை என்ற சொல் அதற்குள்ளேயே இருக்கிறதே, அது போதும்.

செட்டிநாட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் யாரும் உட்காரலாம். முகப்பு விருந்தாளிக்கு. உள்முற்றமான வளவுக்குள் உறவும் பங்காளியும் வருவார்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதியின் குடும்பத்துக்கும், தனித்தனி. அந்த அறையில் என்ன இருக்கிறது என்பது வீட்டில் பலருக்கும் தெரியும்: பாத்திரம், பட்டு, பெட்டி. அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் புள்ளியைக் கேட்காமல் வேறு யாரும் திறப்பதில்லை. தனியுரிமை என்பது இதுதான். ‘மறைக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் பயப்படுகிறீர்கள்?’ என்று கேட்பவர்கள், திறக்கும் உரிமையையும் ரகசியத்தையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

இன்று அந்த அறை ஜெராக்ஸ் கடைக் கணினியில் திறந்து கிடக்கிறது. ஆதாரை வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறோம், கடைக்காரர் தரவிறக்கி அச்செடுத்துக் கொடுக்கிறார், கோப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அழித்துவிடச் சொல்லி, அழிக்கிற வரை நின்று பாருங்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம். பல இடங்களுக்கு அது போதும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது பலருக்கும் தெரியும். அதற்கும் முன்னால், 1994-இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிட இருந்தது. அதில் அதிகாரிகள் சிலரின் தொடர்பும் வரும் என்பதால், வெளியிடக் கூடாது என்று சிறைத்துறையிலிருந்து கடிதம் வந்தது. நீதிமன்றம் மூன்றையும் சேர்த்தே சொன்னது: குடிமகனுக்குத் தனியுரிமை உண்டு, பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம், அதிகாரி தன் கடமையைச் செய்த விதத்துக்குத் தனியுரிமை என்ற கேடயம் கிடையாது. வெளியாகும் முன்பே தடுக்கும் அதிகாரமும் அரசுக்கு இல்லை என்றது. பேச்சுரிமையும் தனியுரிமையும் முட்டிக்கொள்ளாமல் ஒரே தீர்ப்பில் நிற்கின்றன.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) வந்தது 2005-இல். தமிழ்நாடு 1997-இலேயே தனக்கென ஒரு சட்டம் போட்டுவிட்டது. 2005 சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவு தனிநபர் தகவலுக்கு விலக்கு அளித்தது. ஆனால் பொதுப்பணியோடு தொடர்பு இருந்தாலோ, பொதுநலன் பெரிதாக இருந்தாலோ கொடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் இருந்தது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனையை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. குடிமகனுக்காகப் பிறந்த சொல் அலுவலகத்துக்குப் பூட்டாகிறது என்று தகவல் உரிமைக்காகப் போராடுபவர்கள் எதிர்க்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நானும்.

இன்னும் வழி இருக்கிறது. 8(2) பிரிவு அப்படியே உள்ளது: பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிதென்றால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம். ஊருணிச் செலவைக் கேட்கும்போது எம்-புக் என்ற அளவீட்டுப் புத்தகத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். எத்தனை கன மீட்டர் மண் எடுத்தார்கள் என்று அதில் பதிந்திருக்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மாநில அரசின் ஆர்டிஐ இணையதளத்திலும் மனுப் போடலாம். ‘தனிநபர் தகவல்’ என்று மறுத்தால், பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதில் 8(2)-ஐக் குறிப்பிட்டு, செலவானது ஊர்ப்பணம் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்.